பூமிப்பிராட்டியிடம் கேட்டு எடுத்தல்

திருக்கோயில்களில் பிரம்மோத்ஸவம் கொடியேற்றத்துடன் தொடங்குகிறது என்றே ஸேவார்த்திகளில் பெரும்பாலோர் எண்ணுகின்றனர். ஆகமம் அறிந்தோர் அதற்கு முந்திய சிறு செயல் ஒன்றையே தொடக்கமாகக் கொள்வர். அந்தி சாய்ந்த வேளையில் சேனை முதலியார் எனப்படும் விஷ்வக்ஸேனர், வாத்திய கோஷத்துடன் ஆற்றங்கரையோ குளக்கரையோ நந்தவனமோ ஆகிய தூய இடமொன்றுக்கு எழுந்தருளுகிறார். அங்கே தரையில் பூமிப்பிராட்டியின் திருவுருவை எழுதி ஆராதிக்கின்றனர். மண்வெட்டிக்கும் பூசை உண்டு. வராஹ மூர்த்தியைத் தியானித்துச் சிறிதளவு மண் எடுக்கப்படுகிறது. மிருத்ஸங்கிரஹணம் என்பது இதன் பெயர். அம்மண்ணைப் பாலிகைகளில் இட்டு நவதானியம் விதைப்பதே அங்குரார்ப்பணம். ஓஷதிகளுக்கு அதிபதி சந்திரன் ஆதலின் விதைப்பது இரவில். கருடஸேவைக்கும் தேருக்கும் கூடும் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்கு வருவதில்லை. மண் எடுப்பதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பது ஜனங்களின் எண்ணம் போலும்.

இச்சடங்கைக் கண்ட படித்த இளைஞர்கள் ஒரு வினா எழுப்புவதுண்டு. அது எள்ளி ஒதுக்கத்தக்க வினா அன்று. அனுமதி என்பது, கொடுக்கவும் மறுக்கவும் வல்லவரிடம் கேட்பது. வாய் திறவாத மண்ணிடம் அனுமதி கேட்டுவிட்டு, விடை வருமுன்னரே மண்வெட்டியை ஓங்குவது பாசாங்கு அன்றோ? விடியற்காலையில் பாயை விட்டு எழுந்ததும், கால் வைப்பதைப் பொறுத்தருள வேண்டும் என்று பூமிதேவியை வேண்டும் வழக்கத்தையும் அவர்கள் இவ்வாறே கேட்கின்றனர். நாளையும் மிதிக்கப்போகிறவன் இன்று மன்னிப்புக் கேட்பதற்கு என்ன பொருள்?

மண்ணெடுத்து வாழும் ஊர்களில் இவ்வினாவுக்குக் கனம் அதிகம். விருத்தாசலம் அத்தகைய ஊர். திருமுதுகுன்றம் என்ற பழம்பெயரும், மணிமுத்தாறும், மாசி மகத்து நீராடலும் ஒருபுறம் இருக்க, இன்று வெளியூரார் பலருக்கு அவ்வூர் பீங்கான் ஊராகவே அறிமுகம். செராமிக் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் அங்கே உள்ளன. கொலு பொம்மை, அகல், ஜாடி, மின்கம்பத்திலே கம்பியைத் தாங்கும் வெண்பீங்கான் ஆகியவை எல்லாம் அவ்வட்டாரத்துச் சூளைகளில் வெந்து வருவன. சற்றுக் கிழக்கே நெய்வேலி. 1956 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம் அங்கே பூமியைத் திறந்த சுரங்கமாகவே அகழ்ந்து வருகிறது. தெற்கே ஒரு காத தூரத்துக்குச் சற்று மேலாக ஸ்ரீமுஷ்ணம். பூமியைத் தன் கோரைப்பல்லால் இடந்து மீட்ட பூவராஹன் ஸ்வயம்வியக்தமாக எழுந்தருளியுள்ள திவ்ய க்ஷேத்திரம். மண்ணைத் தோண்டும் ஊர்களுக்கு நடுவே, மண்ணை மேலே எடுத்து வந்த பெருமாள்!

தோண்டுவதே பாவம் என்று வைதிக மதம் ஒருகாலும் சொன்னதில்லை என்பதை முதலில் தெளிவாக்குதல் நலம். ஸ்ரீமந் நாதமுனிகள் அவதரித்த காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே விரிந்து கிடக்கும் வீராணம் ஏரி, பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டியது. வீரநாராயணன் என்ற பெருமாள் திருநாமமும் பராந்தக சோழனின் விருதுப் பெயரும் அதில் ஒன்றாய்க் கலந்துள்ளன. அவ்வளவு பெரிய பள்ளத்தைத் தோண்டியவர்களை ஒருவரும் பழிக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளாக வாழ்த்துகின்றனர். ஆகவே ஆராய வேண்டியது, எவ்வாறு எடுப்பது என்பதையே.

சாந்தோக்ய உபநிஷத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு உபதேசிக்கும்போது எடுத்துக்காட்டும் முதற்பொருள் ஒரு மண்ணுருண்டை. அவ்வொன்றை அறிந்தால் மண்ணாலாகிய யாவும் அறிந்ததாகும் என்பது கருத்து. குடமும் சட்டியும் பொய்த்தோற்றம் என்று இதற்குப் பொருள் கொள்வாரும் உளர். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் அதனை ஏற்கவில்லை. நீர் முகந்து வருதல் முதலிய காரியங்களுக்காக மண்ணே வேறோர் அவஸ்தையை அடைகிறது. அந்த அவஸ்தையும் மெய், அதன் பெயரும் மெய், காரியம் காரணத்தினின்றும் வேறன்று என்பது அவர் காட்டும் நெறி. குயவனின் உழைப்பை இவ்வளவு கௌரவித்த தத்துவம் வேறு இருக்குமா என்பது ஐயமே! இதனோடு, பிருதிவியைத் தன் சரீரமாகக் கொண்டு உள்ளிருந்து நியமிப்பவன் அந்தர்யாமி என்னும் பிருஹதாரண்யகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மண் வாய் பேசாதது உண்மையே. ஆனால் அது உடையவன் இல்லாத பொருள் அன்று. பிறன் தோட்டத்தில் காவலாள் உறங்குகிறான் என்பதால் தோட்டம் பொதுச்சொத்து ஆகிவிடாது.

இங்கே பீங்கான் சூளை ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கற்பிக்கிறது. பிள்ளையார் சதுர்த்திக்குப் பிடித்த பச்சைமண் உருவம் நீரிலிட்டால் அன்றே கரைந்து மண்ணாகிறது. பாலிகை மண்ணும் திருவிழா முடிந்ததும் முளைகளோடு நீரில் சேர்க்கப்படுகிறது. ஆனால் களிமண்ணைத் தீயிலிட்டு ஐந்நூறு, அறுநூறு டிகிரி வெப்பத்தைத் தாண்டிவிட்டால், அதன் அணுக்களோடு பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுகிறது. பின்னர் எத்தனை மழையில் நனைந்தாலும் அது குழையும் மண் ஆவதில்லை. ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓடுகள் கிடைப்பதற்குக் காரணம் இதுவே. எடுத்ததைத் திருப்பித் தருவது ஒருவகை, திருப்பித் தர இயலாதபடி எடுப்பது மற்றொரு வகை. இரண்டையும் ஒரே மன்னிப்பால் கழித்துவிட முடியுமா? முடியாது என்றே தோன்றுகிறது. திருப்பித் தர இயலாததை எடுத்தவன் அதனை நீண்டநாள் பயன்பட வைக்கும் பொறுப்பையும் ஏற்றாக வேண்டும். ஒருமுறை காப்பி அருந்திவிட்டு எறியும் கோப்பைக்கும், மூன்று தலைமுறைக்கு ஊறுகாய் காக்கும் ஜாடிக்கும் செலவாவது ஒரே மண்தான்.

சாஸ்திரம் பயிலாத கிராமத்தாரும் இதனைத் தம் வழியில் அறிந்தே இருந்தனர். புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளில் ஐயனாருக்குப் புரவி எடுக்கும் ஊரார், குதிரை செய்யுமாறு வேளாரிடம் சென்று சொல்வதோடு நிற்பதில்லை. தம் ஊர் மண்ணில் ஒரு பிடி அள்ளிக் கொடுக்கின்றனர். பிடிமண் என்று அதற்குப் பெயர். அந்தப் பிடி கொடுத்த பின்னரே வேலை தொடங்கும். குதிரை ஆளுயரம் இருக்கலாம். அதற்கு வேண்டிய மண் வண்டிக்கணக்கில் ஆகலாம். எனினும் கணக்கு ஒரு கைப்பிடியில் தொடங்குகிறது, ஊரார் அறியத் தொடங்குகிறது. ஏரி வற்றிய கோடையில் குயவரும் உழவரும் வண்டல் எடுத்ததும் இத்தகையதே. எடுக்க எடுக்க ஏரி ஆழப்பட்டது, வயல் உரம் பெற்றது. 1959 ஆம் ஆண்டின் தமிழகச் சிறுகனிம விதிகளிலும் வேளாண்மைக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் இவ்வாறு எடுக்க இடம் தரப்பட்டது; 2017 இல் ஏரி, குளங்களின் வண்டலை உழவர் கட்டணமின்றி எடுத்துச் செல்ல அரசு வழி செய்தது. எடுப்பதே பராமரிப்பாக அமையும் இடமும் உண்டு என்பதற்கு இது சான்று.

விருத்தாசலத்துச் சிவாலயத்தின் தலமரம் வன்னி. அத்திருப்பணி செய்தோருக்குக் கூலியாக வன்னி இலைகள் தரப்பட்டன என்றும், அவை அவரவர் உழைத்த அளவுக்கே பொன்னாயின என்றும் அவ்வூரார் கூறுவர். வைஷ்ணவர்க்கும் வன்னி அந்நியமன்று. விஜயதசமியன்று பெருமாள் அம்பு எய்வது அம்மரத்தின் முன்னர்தானே. அளவு என்ற ஒன்றை மறவாத கதை என்பதால் இங்கே அது நினைவுக்குரியதாகிறது.

இனி இளைஞர்களின் வினாவுக்கு வருவோம். மிருத்ஸங்கிரஹணத்தில் கேட்பது மண்ணின் மனத்தை மாற்றுவதற்காக அன்று. எடுப்பவன் கையைக் கட்டுவதற்காக. இன்ன இடம், இன்ன வேளை, இன்ன காரியம், இவ்வளவு அளவு என்று நான்கு கட்டுகள் விழுந்த பின்னரே மண்வெட்டி மண்ணைத் தொடுகிறது. இதில் எந்தக் கட்டும் இல்லாமல் மந்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு லாரியில் அள்ளினால், அப்போது இளைஞர்கள் சொல்லும் பாசாங்கு என்ற சொல் முற்றிலும் பொருந்தும். பூமிபூஜை என்ற பெயரால் இந்நாளில் நடப்பவற்றுள் சில அவ்வாறே இருப்பதை மறைப்பானேன்?

பூமிப்பிராட்டிக்கு க்ஷமா என்று ஒரு திருநாமம் உண்டு. பொறுமையே வடிவானவள் என்று பொருள். வராஹ நாயனாரிடம் தன் குழந்தைகள் உய்வதற்கு எளிய வழி ஒன்றைக் கேட்டுப் பெற்றவளும் அவளே. நாம் அவளிடம் கேட்கிறோம், அவளோ நமக்காகப் பெருமாளிடம் கேட்கிறாள். அத்தகைய தாய் பொறுப்பாள் என்ற துணிவிலேயே பிழை செய்வது, பிழையினும் பெரிய பிழை. கருணையை முன்பணமாக வைத்துக்கொண்டு செய்யும் அபராதத்துக்குப் பெரியோர் எளிதில் பரிகாரம் சொல்வதில்லை.

மேலும், மண் மறுப்பதே இல்லை என்று எண்ணுவதும் சரியன்று. முன்னாளில் கோடையில் ஆறு வறண்டால் பெண்டிர் மணலைக் கையால் பறித்து ஊற்றுத் தோண்டுவர். முழங்கை ஆழத்தில் நீர் சுரக்கும். கொட்டாங்கச்சியால் முகந்து குடத்தை நிரப்புவர். மணல் வரைமுறையின்றி அள்ளப்பட்ட ஆறுகளில் இன்று தோண்டினால் அடியில் கட்டாந்தரைதான் தட்டுகிறது. இதுவே மறுப்பு. ஆனால் அம்மறுப்பு தாமதமாக வருகிறது, ஆள் மாறியும் வருகிறது. அள்ளியவன் வேறு ஊரில் மாடிவீட்டில் இருக்கிறான். குடத்துடன் நிற்பவள் அவனை அறியாதவள். சுந்தரர் மணிமுத்தாற்றிலிட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது விருத்தாசலத்து ஐதிகம். ஆற்றிலே போட்டதைக் குளத்திலே தேடுவது அடியார்க்குக் கைகூடிற்று. ஓர் ஆற்றில் ஒருவன் எடுத்ததை வேறோர் இடத்தில் வேறொருவர் இழந்து நிற்பது மட்டும் எல்லார்க்கும் எளிதில் கைகூடிவிடுகிறது. முன்கூட்டியே கேட்கும் மரபை வகுத்தோர் இத்தாமதத்தை அறிந்தே வகுத்தனர் என்று கொள்வதில் தவறில்லை.

ஸ்ரீமுஷ்ணத்தில் பெருமாளின் திருமேனி வியர்வையே நித்ய புஷ்கரிணியாயிற்று என்றும், அவர் திருக்கண்களினின்றும் அரசும் துளசியும் தோன்றின என்றும் ஸ்தலபுராணம் கூறும். மாசி மகத்துக்கு அங்கிருந்து கிள்ளைக் கடற்கரைக்குப் பெருமாள் எழுந்தருளுகிறார். வழியில் தைக்காலில் இஸ்லாமியப் பெருமக்களும் மரியாதை செய்து வரவேற்கும் வழக்கம் நாடறிந்தது. அப்பெருமாளுக்கு உகந்த நிவேதனம் ஒன்று உண்டு. அது கோரைக்கிழங்கு. வடமொழியில் முஸ்தா என்பர். காய்ச்சலுக்கு வைத்தியர் தரும் மருந்து; காட்டுப்பன்றி மோந்து மோந்து தோண்டித் தின்பதும் அதுவே. உழவனுக்கோ கோரையைப் போன்ற பகை வேறில்லை. களை எடுக்க எடுக்க, அறுந்த கிழங்கு ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கும். பன்றி உருக்கொண்ட பரமன், தோண்டி எடுப்பவற்றுள் நெல்லையோ கரும்பையோ கேளாமல், பிறர் வேண்டாமென்று ஒதுக்கியதைத் தன் பங்காகக் கொண்டார். அக்கிழங்கைப் பொடித்துச் செய்த பிரசாதத்தைச் சந்நிதியில் கைநீட்டி வாங்கும் குடியானவர், இதைத்தானே நேற்றுவரை பிடுங்கி வரப்பில் எறிந்தோம் என்று அருகிலிருப்பவரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே கண்ணில் ஒற்றி வாயிலிட்டுக்கொள்வர்.