இடிபாடு எங்கே போகிறது?

வீடியோ கேமில் சுவரை உடைப்பது பெரிய வித்தையில்லை. சுவருக்குள் கொஞ்சம் புள்ளிகளைத் தூவி, எந்த இடம் எந்தப் புள்ளிக்குக் கிட்டவோ அதன் துண்டில் சேர்த்துவிட்டால் போதும். வோரோனாய் முறை என்பார்கள். குண்டு பட்ட இடத்தில் புள்ளிகளை நெருக்கினால் அங்கே மட்டும் பொடிப்பொடியாகும்.

கஷ்டம் நிற்க வைப்பதில்தான். 2009இல் வந்த ‘ரெட் ஃபேக்‌ஷன்: கெரில்லா’வில் கட்டடம் தன் பாரத்தைத் தானே தாங்கியாக வேண்டும், தாங்குகிற தூண்கள் போனால் மாடி இறங்கிவிடும். ‘டியர்டவுன்’ வேறு வழி. உலகமே வாக்ஸல் என்ற குட்டிக் கட்டங்கள்; ஒரே ஒரு கட்டம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வீடும் அந்தரத்தில் நிற்கும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

சரி, இடிந்தது எங்கே போகிறது? துண்டுகள் மெமரியைத் தின்னும். அதனால் பல கேம்களில் சில நொடிகளில் அவை மங்கி மறையும். திரும்பிப் பார்த்தால் தரை சுத்தம். இதற்கு ஆப்டிமைசேஷன் என்று பெயர்.

கேம் ஆடினால் வன்முறை வளருமா என்ற வாதம் எனக்குச் சலித்துவிட்டது. உறுத்துவது இதுதான்: உடைவதை இத்தனை நுணுக்கமாகக் கணக்கிடுகிற நாம், உடைந்ததற்கு எழுதும் ஒரே நிரல் அதை அழிப்பதற்கு. பெர்லினில் இரண்டாம் உலகப் போரின் இடிபாட்டைக் கொட்டிக் கொட்டியே டொய்ஃபல்ஸ்பெர்க் என்ற குன்று எழுந்தது. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மெமரி போதாதுதான், ஒத்துக்கொள்கிறேன். துண்டுகளை அழித்துக்கொள்ளுங்கள். தரையில் ஒரு தூசிக் கறையையாவது விட்டுவைக்கலாமே? அதற்கு ஒரு டெக்ஸ்சர் போதும்.