வெளிமூச்சின் சாட்சியம்

ரமணாசிரமத்து வாசலை ஒட்டிச் செல்லும் செங்கம் சாலை, பௌர்ணமி இரவுகளில் கிரிவலம் வருவோரால் நிறைந்துவிடும். அந்நாள்களில் ஊருக்கு வந்து திரும்பும் வண்டிகளுக்கெல்லாம் பெட்ரோல் நிரப்புபவர் பங்க் ஊழியர். டேங்கில் பெட்ரோல் இறங்க இறங்க, உள்ளே அடைபட்டிருந்த ஆவி திறந்த வாய்வழியே மேலெழுந்து, குனிந்து நிற்கும் அவர் முகத்தில் படுகிறது. அந்த ஆவியில் பென்சீனும் உண்டு. 2020 முதல் நாடெங்கும் நடப்பில் உள்ள பி.எஸ். 6 தரம் பெட்ரோலில் அதை 1 விழுக்காட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஆயினும் அது இரத்தப் புற்றுநோயை உண்டாக்கவல்லது. ஊழியரின் உடலுக்குள் அது எவ்வளவு சென்றது என்று அறிவது எப்படி?

காற்றை அளப்பது முதல் வழி. காலரில் செருகிய சிறு குழாய் மூக்கருகே உள்ள காற்றை வேலை நேரம் முழுவதும் சேகரிக்கும். போபால் பேரழிவுக்குப் பின், தொழிற்சாலைச் சட்டத்தில் 1987-இல் வந்த திருத்தம், பணியிடக் காற்றில் இரசாயனங்கள் இருக்கத்தக்க அளவுக்கு வரம்பு வகுத்தது. ஆனால் சுற்றியுள்ள காற்று வேறு, உடலேற்றது வேறு. ஓடியாடி உழைப்பவர் உட்கார்ந்திருப்பவரைவிட மிகுதியாக மூச்சிழுக்கிறார். கையில் சிந்திய பெட்ரோல் தோல்வழியேயும் புகுகிறது.

ஆகவே உடலையே கேட்க வேண்டும். நுரையீரலின் நுண்ணறைகளில் காற்றையும் இரத்தத்தையும் பிரிப்பது மிக மெல்லிய சுவர். உள்ளே போன பென்சீனில் ஒரு பகுதியைக் கல்லீரல் வேறு பொருள்களாக மாற்றுகிறது. மாறாத பகுதியில் ஓரளவு அதே சுவரைக் கடந்து வெளிமூச்சில் திரும்புகிறது. இரத்தத்தில் கூடினால் மூச்சிலும் கூடும். ஊசி குத்தாமலே இரத்தத்தின் நிலையை அறிய இது வழி செய்கிறது. மனித மூச்சில் ஏறத்தாழ 250 பொருள்கள் இருப்பதை வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1971-இல் காட்டினார்.

இருப்பினும் மூச்சு முழுதும் சாட்சியாகாது. இயல்பாக நாம் விடும் சுமார் 500 மில்லிலிட்டரில் முதல் 150 மில்லிலிட்டர், மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் நின்றுவிட்டுத் திரும்பும் காற்று. அது இரத்தத்தைத் தொட்டதே இல்லை. நுண்ணறையிலிருந்து வருவது கடைசிப் பகுதியே. எனவே சோதனைக் குழாயில் அதை மட்டும் பிடிக்கிறார்கள். சில சோதனைகளில் சற்று நேரம் மூச்சை அடக்கி, பிறகு மெதுவாக ஊதச் சொல்வார்கள். பிராணாயாமத்தில் மூச்சை அடக்கும் கும்பகமும் வெளிவிடும் ரேசகமும் பழகியவர்களுக்கு இது எளிது.

அடுத்தது காலம். இரத்தத்தில் உள்ள பென்சீன் விரைவில் வெளியேறும். கொழுப்பில் தங்கியது மெல்லக் கசியும். பணி முடிந்ததும் எடுத்த மூச்சு அன்றைய கடைசி மணிநேரங்களைப் பேசும். மறுநாள் காலை, பணிக்கு முன் எடுத்தது முந்தைய நாளின் மிச்சத்தைப் பேசும். நேரம் குறிக்காத அளவுக்குப் பொருளில்லை.

புகைபிடிப்பவர் மூச்சில் பென்சீன் இயல்பாகவே கூடுதல் என்று அமெரிக்காவில் 1980-களில் நடந்த ஆய்வுகள் தெளிவாக்கின. புகைப்பழக்கத்தையும் கேட்டுக் குறித்த பிறகே பணியின் பங்கைப் பிரித்தறிய முடியும்.

இவ்வளவும் அறிந்தபின் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: சோதனை நோயையும் கணிக்காது, ஆவியையும் தடுக்காது. அளவு உயர்ந்தால் திருத்த வேண்டியது ஊழியரை அல்ல, பணியிடத்தை. ஆவியை மீண்டும் நிலத்தடித் தொட்டிக்கே உறிஞ்சும் முனைக்குழாய், பணிச்சுழற்சி, கையுறை ஆகியவை அவருக்குச் சேர வேண்டும்; தம் மூச்சு என்ன சொன்னது என்ற முடிவும் முதலில் அவர் கைக்கே சேர வேண்டும்.