விடுதலைப் பத்திரம்

அப்பா போன மூன்றாம் மாதம், வாரிசுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பத்திர எழுத்தரிடம் போனோம். செய்யாறு பக்கத்தில் 1 ஏக்கர் 40 சென்ட், ஒரு கிணறு. அப்பா சுயமாக வாங்கிய நிலம். பத்திரமும் பட்டாவும் அவர் பேரில் மட்டும். உயில் இல்லை.

“நாலு வாரிசு, நாலு சமபங்கு” என்றார் எழுத்தர். அம்மா, நான், தம்பி, அப்பாவைப் பெற்ற ஆயா.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அப்ப எனக்குக் கால்தானா?” என்று கேட்டாள்.

கணவன் சொத்து அப்படியே மனைவிக்குப் போய்விடும் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோரும் சமம். இந்தச் சட்டத்தைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 1937ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்குக் கொடுத்தது வாழ்நாள் அனுபவ உரிமை மட்டும்தான். 1956தான் அதை முழு உரிமையாக்கியது.

ஆனால் சட்டம் கேட்பது ‘இறந்தவருக்கு நீ என்ன உறவு’ என்பதை. அந்த மண்ணில் யார் கை பட்டது என்பதை அது கேட்பதில்லை. கிரயத்துக்குப் பணம் குறைந்தபோது கழன்றது அம்மாவின் சங்கிலி. முப்பது வருஷம் மல்லாட்டைக்குக் களையெடுத்தது அவள். அவளைப் பொறுத்தவரை அது வாரிசாக வந்து சேரவேண்டிய சொத்தே இல்லை, ஏற்கெனவே அவளுடையது. பேர்தான் இல்லை.

நாங்கள் மூன்று பேரும் எங்கள் பங்கை அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தருவது என்று பேச்சு. ஊரில் “பெரிய மனசு” என்றார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பதிவுக்கு முந்தின ராத்திரிதான் என் மனசின் அளவு தெரிந்தது. அம்மா எல்லாவற்றையும் தம்பிக்கு எழுதிவிட்டால்? கேட்டேவிட்டேன். “உன் காலத்துக்கு அப்புறம் ரெண்டு பேருக்கும் சமமா எழுதுவதானே?”

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே என்னைச் சாவடிச்சிட்டியாடி?”

பதில் இல்லை. சேரவேண்டியதைத் திருப்பித் தருவதற்குக் கொடை என்று பேர் வைத்து, அதற்கும் ஒரு நிபந்தனை போட்டிருந்தேன். மகளுக்குச் சமபங்கு கேட்பது நியாயம்தான். அதை அம்மா உயிரோடிருக்கையில், அவள் சொத்துக்கு விலையாகக் கேட்டதுதான் தவறு.

ஆயா விஷயம் வேறு. “எனக்கெதுக்கு நெலம், ஒரு வாய் சோறு போட்டா போதும்” என்று கட்டைவிரலை நீட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். நாங்களும் சந்தோஷமாகத் தலையாட்டினோம். தடுத்தது அம்மா.

“அத்தை பங்கு அத்தை பேர்லயே இருக்கட்டும்.”

எழுத்தர் எச்சரித்தார். “பின்னாடி உங்க நாத்தனாருங்களுக்கும் அதுல பங்கு போவும்மா.”

“போவட்டும். நாளைக்கு நானே சோறு போடலைன்னா அது எங்க போய் நிக்கும்?”

கால் பங்கு என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அடுத்தவர் நல்ல மனசை நம்பியே வாழவேண்டிய அவசியம் இல்லாமல் செய்வது அது. தன் கால் பங்கு போதவில்லை என்று அம்மா கேட்டதும் நியாயம், ஆயாவின் கால் பங்கைத் தொடமாட்டேன் என்றதும் நியாயம். இரண்டையும் அவள் குழப்பிக்கொள்ளவில்லை. நல்லவர்களாக இருந்துவிட்டால் போதும் என்று நினைத்த நாங்கள்தான் குழப்பிக்கொண்டோம்.

கூட்டுப் பட்டா வந்துவிட்டது. அம்மாவுக்கு முக்கால், ஆயாவுக்குக் கால். நானும் என் கணவரும் இப்போது ஒரு மனை பார்த்துக்கொண்டிருக்கிறோம். “உன் பேர்லயா, என் பேர்லயா?” என்றார். ரெண்டு பேர் பேரிலும் என்றேன். “ஏன், என் மேல நம்பிக்கை இல்லியா?” என்று சிரித்தார். நம்பிக்கை இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டிய விஷயம் இது என்று அவருக்கு எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.