குயவன் யார்?

எந்தக் கம்ப்யூட்டரை ஒர்க்ஸ்டேஷன் என்று சொல்லலாம்? இதற்கு எண்களில் இலக்கணம் வகுத்தவர்களில் ஒருவர், நான் படித்த கிண்டிப் பொறியியல் கல்லூரிக்காரர். ராஜ் ரெட்டி 1958இல் அங்கே பட்டம் வாங்கி, சிட்னிக்கு வந்து நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1960இல் எம்.டெக். முடித்தார். பிறகு அமெரிக்கா போனார். 1980களின் தொடக்கத்தில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவரும் சகாக்களும் மூன்று அளவுகளைச் சொன்னார்கள்: ஒரு மெகாபைட் நினைவகம், திரையில் பத்து லட்சம் புள்ளிகள், நொடிக்குப் பத்து லட்சம் கட்டளைகள்.

இன்று சட்டைப்பையில் கிடக்கும் போன் இந்த மூன்றையும் எப்போதோ தாண்டிவிட்டது. அதை யாரும் ஒர்க்ஸ்டேஷன் என்பதில்லை. அப்படியென்றால் ஒரு பொருள் அந்தப் பொருளாவது எதனால்?

சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் நண்பர் வீட்டில் ஞாயிறு மாலை நடக்கும் சைவ சித்தாந்த வகுப்பில் இதற்கு எனக்கு வழி கிடைத்தது. பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு அவை முறையே மாயை, சக்தி, சிவன். ரெட்டி சொன்ன மூன்று அளவும் மண்ணைப் பற்றியவை. ஆபரேட்டிங் சிஸ்டம்தான் தண்டும் சக்கரமும். வேலை செய்கிற ஆள் குயவன். பானை வனைந்து முடிந்தபின் சக்கரம் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் திறமைக்கும் அதுதான் உரைகல்: தனக்கென்று எவ்வளவு குறைவாக எடுத்துக்கொள்கிறது?

திறமை யாருக்காக என்ற கேள்வியும் உண்டு. மெல்பர்னில் மயக்கவியல் மருத்துவரான கான் கோலிவாஸ் இதைத்தான் கேட்டார். கம்ப்யூட்டர் அவர் தொழிலல்ல. லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலைச் செய்பவர்கள் பெரிய சர்வர்களையே நினைத்துக்கொண்டு, மேசை முன்னால் உட்கார்ந்திருப்பவனை மறந்துவிட்டார்கள் என்பது அவர் குறை. பிராசசர் நேரத்தை நியாயமாகப் பங்கிடும் ஒரு முறையை எழுதினார். 2007இல் கெர்னலில் சேர்ந்ததோ இங்கோ மோல்னார் எழுதிய வேறொன்று. நியாயப் பங்கீடு சாத்தியம் என்று காட்டியவர் கோலிவாஸ் என்பதை மோல்னாரே ஒப்புக்கொண்டார். கோலிவாஸ் ஒதுங்கிப் போய், 2009இல் இன்னொரு பங்கீட்டு முறையோடு திரும்பி வந்தார்.

நான் பாலங்களுக்குக் கட்டமைப்புக் கணக்குப் போடுபவன். வீட்டில் இருப்பது ஆபீஸ் கழித்துப்போட்ட மெஷின், லினக்ஸ் போட்டிருக்கிறேன். பெரிய கணக்கு ஒன்றை ஓடவிட்டால் அது பிராசசரின் எல்லாக் கோர்களையும் வளைத்துப் பிடித்துக்கொள்ளும். நடுவே வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்தினால் மவுஸ் தத்தித் தத்தி வரும். ஒரு வேலை மற்றவற்றுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் 'நைஸ்' அளவை 19க்கு ஏற்றினால், கணக்கு மற்ற எல்லாவற்றுக்கும் வழிவிட்டு மிச்ச நேரத்தில் ஓடும். நள்ளிரவில் முடியவேண்டியது காலைக் காப்பி நேரத்துக்கு முடியும். முடியட்டுமே, அந்நேரம் நான் தூங்கிக்கொண்டுதானே இருப்பேன்! விழித்திருந்து காத்திருப்பது அந்தக் கோட்டுக்காக. இறைவன் ஐந்தொழிலையும் தனக்காகச் செய்வதில்லை, உயிர்களுக்காகவே செய்கிறான் என்கிறது சித்தாந்தம். எந்தச் செயலும் யார் பொருட்டோ, அவரை வைத்துத்தான் அதன் திறமையை மதிப்பிட வேண்டும்.

மண் எதுவானாலும் சரி என்று சொல்லவில்லை. இரவு முழுக்க ஓடும் கணக்கில் நினைவகத்தின் ஒரு பிட் புரண்டாலும் விடை கெடலாம். அதனால்தான் ஒர்க்ஸ்டேஷன்களில் 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து, ஒற்றைப் பிழையைத் தானே திருத்தும் நினைவகம் போடுகிறார்கள். எனக்கு அது தேவை. கட்டுரை எழுதுபவருக்கு வீண் செலவு.

ஆகவே என் தீர்ப்பு இது: ஒர்க்ஸ்டேஷன் என்பது பெட்டியின் குணமல்ல, பெட்டிக்கும் ஆளுக்கும் உள்ள உறவு. பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் எத்தனை கோர், எத்தனை ஜி.பி. என்று கேட்குமுன், அவன் செய்யப்போகும் வேலை என்ன என்று அவனையே கேளுங்கள்.