வாங்கும் கைக்கும் வினையில் பங்குண்டு

சிராவக சிராவகியரே! தான் செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூவழியால் வினை வந்து சேரும் என்பது ஜினர் அறம். எறும்புக்கும் அஞ்சி நடக்கும் நாம், கடையில் நிற்கும்போது இதனை நினைக்கின்றோமா?

நீர் ஓரறிவுயிர்களின் உடல். அதனை வடிகட்டிப் பருகுவது நம் குலவொழுக்கம். ஆயினும், என் பேத்தியின் திருமணப் பந்தியில் இலைதோறும் புட்டிப் பானம் வைக்கப்பட்டது. நான் தடுக்கவில்லை; உடன்பட்டேன்.

பாலக்காடு மாவட்டத்துப் பிளாச்சிமடையில், கொக்கோ கோலா ஆலையால் கிணறுகள் வற்றின, கெட்டன என்று மயிலம்மா முதலிய பழங்குடி மக்கள் 2002இல் அறப்போர் தொடங்கினர். பெருமாட்டி ஊராட்சி 2003இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

மறுப்பது போலவே ஆதரிப்பதும் அறமே. நம் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி 1925இல் நிறுவிய காந்தி ஆசிரமம், நூற்போர்க்கும் நெய்வோர்க்கும் வாழ்வளித்தது. அதற்குத் துணைநின்றது, கதர் வாங்கியோர் கையே.

இல்லறத்தார்க்கு உரைத்த போகோபபோக பரிமாண விரதம், நுகர்வுக்கு எல்லை வகுப்பதாகும். அவ்விரதத்தை இன்றே தொடங்குவோம். விருந்தினர்க்குப் பானகமோ இளநீரோ அளிப்போம். துணியை நெசவாளரிடமே வாங்குவோம். சிற்றூரில் வாழ்வோர் அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து, ஊர் ஏரியின் நிலையை வினவுவோம். எவரிடத்தும் பகைமை வேண்டா, பகைமையும் வினையே.

ஜினதருமம் ஓங்குக!