எத்தனை மணி விலை?

அரசாங்கப் பொருளாதார நிபுணர்கள் மாநாடுகளுக்குப் போவது அவசியமா? 'ஃப்ளைட் டிக்கெட், ஓட்டல் ரூம், தோளில் ஒரு பை... நம்ம வரிப்பணத்துல ஊர் சுத்தறாங்க' என்பீர்கள். பாதி நியாயம். மீதிப் பாதிக்குத் திருமழிசை வரை வாருங்கள்.

2020 மே மாதம், கொரோனாவால் கோயம்பேடு மார்க்கெட்டை மூடி, காய்கறி மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். செப்டம்பர் கடைசி வரை அங்கேதான். மழை பெய்தால் சேறு. இதுபோன்ற சந்தையில் ராத்திரி லாரியிலிருந்து இறங்கும் தக்காளிக்கு ஒரு விலை. விடிந்தபின் மிஞ்சியதற்கு வேறு விலை. அம்பத்தூர் தள்ளுவண்டியில் மூன்றாவது விலை. இதில் எது 'தக்காளி விலை'? ஃபைலில் ஒரே ஓர் எண்தான் இருக்கும். ஃபைல் மேலே போகப் போக, அந்த எண்ணைச் சந்தேகிக்கிற தைரியம் குறைந்துகொண்டே போகும். கையெழுத்துகள் கூடுகின்றன அல்லவா?

மாநாட்டில் கட்டுரை வாசித்தால், பின்வரிசையிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி எழுந்து, 'இது எத்தனை மணிக்கு எடுத்த விலை சார்?' என்று கேட்டுவிடலாம். அந்தப் பெண்ணுக்குப் ப்ரமோஷன் கவலை இல்லை.

வெளியாளின் கேள்விக்கு மதிப்பு உண்டு. 1955இல் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கான பொருளாதார அறிஞர் குழுவில் மறுப்புக் குறிப்பு எழுதியவர் பி.ஆர். ஷெனாய் ஒருவர்தான். ரிசர்வ் வங்கியில் இருந்துவிட்டு, அப்போது குஜராத் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தவர். கையில் இல்லாத பணத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள் என்றார். கேட்கவில்லை. 1957இல் நாடு அந்நியச் செலாவணி நெருக்கடியில் தவித்தது. அவர் சொன்னதெல்லாம் சரியா என்று இன்றும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். எதிர்க்குரல் காதில் விழுந்தபின் எடுக்கும் முடிவு வேறு, விழாமலே எடுக்கும் முடிவு வேறு.

திருமழிசையில் அவதரித்த ஆழ்வாரே சமணம், பௌத்தம், சைவம் எல்லாம் கற்றுப் பார்த்துவிட்டுத்தான் வைணவத்துக்கு வந்தார் என்பது மரபு.

ஆனால் ஒன்று. பொன்னாடை, கைதட்டல், குரூப் போட்டோ, மதியம் வடை பாயசம் என்று முடிகிற மாநாடுகளும் ஏராளம். அதற்கு நம் பணத்தைக் கொடுப்பது தர்மம் ஆகாது.

எனவே, போய் வருகிறவர் பயணப்படி பில்லோடு ஒரு தாளும் இணைக்கட்டும்: 'என்னால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகள்.' தாள் காலியாக இருந்தால், டிக்கெட் காசைத் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள்.