வாசலுக்கு எதிரே உள்ள இடம்

சென்னைப் பள்ளிக்கரணையின் உட்தெருக்களில் கேட்டுக்கு வெளியே, தார்ச்சாலையின் மேலேயே, சில பொருள்கள் பகல் முழுக்கக் காவல் இருக்கின்றன: சிமென்ட் நிரப்பிக் கம்பி நட்ட பெயின்ட் டப்பா, விளிம்பு உடைந்த பூந்தொட்டி, இரண்டு ஹாலோ பிளாக் கல். வண்டி நிறுத்தினால் டயரில் காற்று பிடுங்கப்படும் என்று கேட்டில் ஒரு பலகையும் மிரட்டும். வேலைக்குப் போன கார் சாயங்காலம் திரும்பும்வரை இடம்பிடித்து வைப்பதுதான் இவற்றின் வேலை. பொதுவான ஓர் இடம், ஒருவர் நாள்தோறும் பயன்படுத்துகிறார் என்பதாலேயே அவருடையதாகிவிடுமா என்பது அறவியலின் பழைய கேள்விகளில் ஒன்று.

சட்டத்தின் விடை சுருக்கமானது. பட்டா மதில் சுவரோடு முடிகிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, வீட்டின் அளவுக்கு ஏற்ப வண்டி நிறுத்துமிடத்தை மனைக்குள்ளேயே காட்டச் சொல்கின்றன. ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். வரைபடத்தில் அந்தக் கட்டம் இருக்கும். கட்டி முடித்தபின் அங்கே ஒரு கடையோ வாடகை அறையோ முளைத்துவிடுவதும் உண்டு. இதை முறையிடுவதும் எளிதல்ல. பேரூராட்சியாக இருந்த பள்ளிக்கரணை 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. காவல்துறை எல்லையோ 2022இல் உருவான தாம்பரம் ஆணையரகத்துக்குள் வருகிறது. தெரு ஓர் அலுவலகத்தின் பொறுப்பு, அதை மறிக்கும் வண்டி இன்னோர் அலுவலகத்தின் பொறுப்பு. எந்தக் கதவைத் தட்டுவது என்று குழம்புகிறவர் கடைசியில் பூந்தொட்டியை நம்புவதில் வியப்பில்லை.

பண்டைய கிரேக்க, ரோமானிய உலகின் ஸ்டோயிக் சிந்தனையாளர்கள், பொது இடம் ஒருவருடையதாகுமா என்ற கேள்விக்கு நாடக அரங்கை எடுத்துக்காட்டினர். கி.மு. 45இல் சிசரோ எழுதிய, நன்மை தீமைகளின் எல்லைகளைப் பற்றிய உரையாடலில் கேட்டோ என்ற ரோமானியர் இதைச் சொல்கிறார்: அரங்கு எல்லோருக்கும் பொது, ஆனாலும் உட்கார்ந்தவரின் இருக்கை அவருடையதே. முந்தி வந்து நிறுத்தியவருக்கு இதில் நியாயம் கிடைக்கிறது. ஆனால் எழுந்து போனவர் இருக்கையில் போட்டுவைத்த துண்டுக்கு அதே நியாயம் உண்டா? ஒரு நூற்றாண்டுக்குப் பின் செனகா, உதவிகளைப் பற்றிய தம் நூலில், இதே உதாரணத்தை இன்னும் கூர்மையாக்கினார். அந்த இடம் பார்ப்பதற்கு மட்டுமே. விற்கவோ, வாடகைக்கு விடவோ, குடியிருக்கவோ அல்ல. வரிசை நிரம்பியிருந்தால், உரிமை இருந்தும் இடம் இல்லை. ஏனெனில் அமர்ந்திருப்பவர்களும் அதே உரிமை உடையவர்களே.

செனகாவின் அளவுகோலைத் தெருவில் வைத்துப் பார்க்கலாம். தெரு போக்குவரத்துக்கானது, தண்ணி லாரி நின்று தொட்டியை நிரப்புவதும், ஆட்டோவில் இருந்து மூட்டை இறக்குவதும் போக்குவரத்தின் பகுதியே. தளம் போட்டு முடித்து மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும் கலவை மெஷினும் சவுக்குக் கம்புக் கட்டும் அப்படியல்ல. அது குடியிருப்பு. பூந்தொட்டி இன்னும் ஒரு படி மேலே போகிறது: பயன்பாடே இல்லாத நேரத்திலும் உரிமை கொண்டாடுகிறது. பொருளைக் கைவசம் வைத்திருப்பதை அல்ல, அதன்மேல் உள்ள பற்றையே உடைமை என்று வரையறுத்த சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் இந்த நிலையைச் சரியாக அடையாளம் காணும்.

விற்பதற்கில்லை என்று செனகா சொன்ன வரம்பு மதிலுக்கு உள்ளேயும் செல்லும். மும்பை அடுக்குமாடி வழக்கு ஒன்றில் 2010இல் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரத்தின் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஸ்டில்ட் நிறுத்துமிடத்தை, அதாவது கட்டடத்தைத் தாங்கும் தூண்களுக்கு இடையிலான தரைத்தளத்தை, கட்டுநர் தனியாக விற்க முடியாது, அது பொதுப்பகுதி என்று தீர்ப்பளித்தது.

இதுவரை சொன்னதெல்லாம் வெயில் நாளுக்கான அறம். மழை வந்தால் கணக்கு மாறுகிறது. 2023 டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயல் மழையில், பள்ளிக்கரணைக் குடியிருப்பு ஒன்றின் உள்ளே ஒழுங்காக நிறுத்தியிருந்த கார்களை வெள்ளம் அடித்துச் சென்ற காட்சி நாடெங்கும் பரவியது. விதிக்குக் கட்டுப்பட்டவருக்கே நட்டம். பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியை 2022இல் பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் முன்பு இதைவிடப் பல மடங்கு பரந்திருந்தது. அது வாங்கி வைத்த நீர் இப்போது ஸ்டில்ட்டுக்குள் வருகிறது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் அருகிலுள்ள வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. அபராதம் போடுகிறார்கள் என்ற செய்தி கிளம்ப, காவல்துறை அதை மறுத்தது.

அவசர நேரத்தில் காட்டும் இந்த விட்டுக்கொடுத்தல் சட்டத்துக்குப் புதிதல்ல. தெருவில் குப்பை கொட்டினால் கால்வாசியிலும் பாதி, அதாவது எட்டில் ஒரு பணம் அபராதம் என்று சொல்லும் அர்த்தசாஸ்திரம், இடத்தை அசுத்தப்படுத்தியது நோயாலோ மருந்தாலோ அச்சத்தாலோ என்றால் தண்டனை இல்லை என்கிறது. மனுஸ்மிருதியும் ராஜவீதியை அசுத்தப்படுத்துவதற்குத் தண்டம் விதித்துவிட்டு, ஆபத்தில் இருப்பவர், முதியவர், கர்ப்பிணி, குழந்தை ஆகியோரைக் கண்டிப்போடு விடுகிறது; ஆனால் இடத்தைச் சுத்தம் செய்யும் கடமையை அவர்களிடமிருந்தும் நீக்கவில்லை. அவசரம் குற்றத்தைத்தான் அழிக்கிறது, இடத்தை உரிமையாக்குவதில்லை. மேம்பாலத்தில் ஆம்புலன்சுக்கு வழி விடாமல் இரண்டாம் வரிசை போட்டவருக்கு இந்த விலக்கு கிடைக்காது. தண்ணீர் வடிந்த பின்னும் இறக்கப்படாத கார் அவசரத்தின் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறது. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியை அகற்ற, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு சீருடைக் காவலருக்கு அதிகாரம் தருகிறது.